சனிக்கிழமைச் சிநேகிதன்

என்னைச் சர்ச் ஹாலை விட்டு வெளியே துரத்தியது ஒரு சின்னப் பெண். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும் என்பதால் எல்லோரும் அவளை விசில் என்றே கூப்பிடுவார்கள். நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம். அந்தச் சபையின் வாலிபர் குழுவுக்கு அவள்தான் தலைவி. சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம், எங்கள் பிள்ளைகள் மாதிரியான பிள்ளைகளை அந்தக் குழு பார்த்துக்கொள்ளும். நடக்க முடியாத பிள்ளைகள், பேசாத பிள்ளைகள், சும்மா இருக்கத் தெரியாத பிள்ளைகள்.

நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை. என் மகனுக்குக் கால் நீட்டும் பயிற்சி கொடுக்கும் அம்மாள் சொல்லித்தான் போனேன். முதல் நாள் சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். விசில் நேரே என்னிடம் வந்தாள்.

"அங்கிள், பெத்தவங்க உள்ள இருக்கக் கூடாது. அதான் எங்க ரூல்."

"நான் ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்மா. ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"இல்ல அங்கிள். நீங்க வெளிய போயி உங்களுக்குன்னு ஏதாவது பண்ணணும். ஃப்ரெண்ட்ஸப் பாருங்க, நல்லா சாப்பிடுங்க, தூங்குங்க. அதுக்குத்தானே இவ்ளோவும்!"

எனக்குன்னு ஏதாவது. அப்படி ஒன்று எங்கே விற்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சின்னப் பெண், நல்ல மனசு. என் எரிச்சலை அவள் தலையில் கொட்டி என்ன ஆகப்போகிறது?

என் மகனை நான் துரை என்பேன். பெயர் அதுவல்ல. நான் செய்கிற சேவகத்தைப் பார்த்தால் வேறு பெயர் பொருந்தாது. பதினாலு வயது. சக்கர நாற்காலி, இடுப்புக்கு ஒரு பெல்ட், மார்புக்கு ஒரு பெல்ட், தலை சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் பஞ்சு வைத்த தாங்கி. பேச்சு கிடையாது. சந்தோஷம் வந்தால் மட்டும் "ம்ஹா" என்று ஒரு சத்தம் வரும். அவன் அம்மா இருந்தவரை அந்தச் சத்தம் வீட்டில் நாள் முழுக்கக் கேட்கும். அவள் போன பிறகு அதுவும் குறைந்துவிட்டது. நான் அவ்வளவு வேடிக்கையான ஆள் இல்லை.

வீட்டிலேயே மிக்ஸி, ஃபேன், இஸ்திரிப்பெட்டி பழுது பார்க்கிறேன். ஆட்கள் வருவார்கள். "ஹீட் ஆகலைங்க" என்பார்கள், வைத்துவிட்டுப் போவார்கள். திரும்ப வந்து வாங்கும்போது இஸ்திரிப்பெட்டியைப் பார்த்துத்தான் அவர்கள் முகம் மலரும். சொந்தக்காரர்கள் முதலில் "வீட்டுக்கு வாங்க" என்றார்கள். பிறகு "ஒரு நாள் வாங்க" என்றார்கள். அந்த ஒரு நாள் எந்த நாள் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தெருவில் யாராவது நின்று பேசினாலும் துரையின் தலைக்கு மேலே பார்த்து, "கடவுள் உங்களத் தேர்ந்தெடுத்திருக்காருங்க" என்பார்கள். தேர்ந்தெடுக்கும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆக, அந்த முதல் சனிக்கிழமை நான் தெருவில் நின்றேன். எதிர்ச் சாரியில் காசு போட்டால் நாமே துணி துவைத்துக்கொள்ளும் கடை ஒன்று இருந்தது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. உட்கார நீளமான பெஞ்சு. யாரும் எதுவும் கேட்கவில்லை. வட்டக் கண்ணாடிக்குள் யாருடையதோ போர்வை சுழன்றது, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பப் போனபோது விசில் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "எங்க போனீங்க அங்கிள்? என்ன பண்ணீங்க?" பரிசு கொடுத்துவிட்டு, பிரித்துப் பார்த்தாயா, பிடித்திருக்கிறதா என்று கேட்கிற முகம். அந்த முகத்தைப் பார்த்து, ஊரார் போர்வையை வேடிக்கை பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? சலவைக்கடையில் கிடந்த பழைய பத்திரிகை ஒன்றில் இரண்டு கிழவர்கள் செஸ் ஆடுகிற படம் பார்த்திருந்தேன். அது வாயில் வந்துவிட்டது.

"ஒரு ஃப்ரெண்டு வீட்டுக்குப் போனேன்மா. செஸ் ஆடினோம்."

எனக்கு செஸ் தெரியாது. குதிரை ஏதோ கோணலாகப் போகும் என்ற அளவுக்குத்தான் தெரியும். நல்லவேளை, அந்தக் கூட்டத்திலும் ஒருவருக்கும் தெரியாது. விசில் கைதட்டினாள். "டேய், அங்கிள் ஃப்ரெண்டு வீட்டுக்குப் போயி செஸ் ஆடினாராம்!" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். நான் ஏதோ மலையேறிவிட்டு வந்தவன் போல எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். துரையின் நாற்காலிக்குப் பின்னால் நின்ற நெட்டைப் பையன்கூடச் சிரித்தான்.

அவனை ஒட்டகம் என்பார்கள். கதவு நிலைக்குக் குனிந்துதான் வருவான், கழுத்து முன்னால் நீண்டிருக்கும். துரைக்கு ஜோடி சேர்த்த இரண்டு பேரில் அவன் ஒருவன். ஒட்டகம் நாற்காலியை மெதுவாகச் சுற்றுவான், இன்னும் மெதுவாகச் சுற்றுவான், பிறகு சடாரென்று நிறுத்தி, கழுத்தை வளைத்துத் துரையின் மூக்குக்கு நேரே முகத்தைக் கொண்டுவருவான். "ம்ஹா!" ஹாலை விட்டு இறங்கித் தெருவைத் தாண்டும்போதும் எனக்கு அது கேட்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு அந்தச் சத்தத்துக்காகவே சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனேன். கடையில் வெறுமனே உட்கார்ந்தால் நன்றாக இராது அல்லவா? வீட்டில் நானே பழுது பார்த்து வைத்த வாஷிங்மெஷின் இருக்கிறது. சுத்தமான துண்டைத்தான் கொண்டுபோய்த் துவைப்பேன். துவைத்துத் துவைத்து அது நரைத்து, நூல் நூலாகிவிட்டது.

சிநேகிதன் மட்டும் வாராவாரம் வளர்ந்தான். விசில் கேட்பாள், நான் சொல்வேன். அவன் ரயில் ஓட்டி ரிட்டையர் ஆனவன் என்றேன், அன்றிலிருந்து அவர்களுக்கு அவன் டிரைவர் அங்கிள் ஆனான். பேக்கரிக்கு மேலே மாடியில் குடியிருக்கிறான், அதனால் வீடே ரொட்டி வாசனை என்றேன். ஒரு பூனை உண்டு என்றேன். ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் மாட்டிக்கொள்வேன் என்பதால் அவன் பண்ணும் அழும்பைப் பற்றியே பேசினேன். நான் தண்ணீர் குடிக்கப் போனால் காயை நகர்த்திவிடுவான். கேட்டால் பூனை மேல் பழியைப் போடுவான். பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளுவது போல் தள்ளி, தானே எல்லாவற்றையும் தின்றுவிடுவான்.

"இன்னிக்கு யாரு ஜெயிச்சா அங்கிள்?" ஒட்டகம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரும்போதே கேட்பான்.

"அவன்தான். வேற யாரு? திருட்டுப்பய."

சுற்றி நின்று சிரிப்பார்கள். நான் ஒன்று சொல்லி நாலு பேர் சிரித்து எத்தனை வருஷமாயிற்று! வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அடுத்த வாரத்துக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போவேன்.

பிறகு அவன் சனிக்கிழமையோடு நிற்கவில்லை. திருகாணி கழலாமல் சண்டித்தனம் பண்ணுகிற இஸ்திரிப்பெட்டியோடு மல்லுக்கட்டும்போது, "எண்ணெய் விடுடா முட்டாளே" என்பான். சலவைக்கடைப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சுழலுகிற துணிகளைப் பார்த்து யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் கைக்குழந்தை என்று அளப்பான். ஒரு முறை எனக்குக் காய்ச்சல். துரையையும் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டு நானும் விழுந்து கிடந்தபோது, இந்த டிரைவர் ஒரு எட்டு வந்து பார்க்கக் கூடாதா என்று நிஜமாகவே கோபம் வந்தது. மறை கழண்டுவிட்டதா என்று கேட்காதீர்கள். பகல் முழுக்கப் பேச ஆளில்லாத வீட்டில் இருந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

அதற்கு வேட்டு வைத்ததும் அந்த நல்ல மனசுக்காரர்கள்தான். ஒரு சாயங்காலம் விசிலும் பாஸ்டரும் வீட்டுக்கு வந்தார்கள். வேலை மேஜை மேல் கிடந்த ஃபேன் இறக்கைகளை ஒதுக்கிவிட்டு உட்காரச் சொன்னேன். பாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். விசில்தான் பேசினாள்.

"அங்கிள், பரீட்சைன்னு பாதிப் பேர் நின்னுட்டாங்க. ஒரு பிள்ளைக்கு ரெண்டு பேர் இருக்கணும்னு ரூல் வெச்சிருக்கோம். இப்ப இருக்கற பிள்ளைங்களுக்கே ஆள் பத்தல. இதுல புதுசா ஒரு அம்மா வந்து கேக்கறாங்க. ரெட்டைப் பசங்க. ரெண்டு பேருக்கும் நடக்க வராது. அவங்களுக்கு யாருமே இல்ல அங்கிள். பேசக்கூட ஆளில்லன்னு அழறாங்க."

"பாவம்" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

"எல்லாரையும் யோசிச்சுப் பாத்தோம். உங்களுக்காவது டிரைவர் அங்கிள் இருக்காங்க. புதுப் பசங்க பழகி வர்ற வரைக்கும், ஒரு ஆறு மாசம், துரை வீட்லயே..." அவள் விசில் கயிற்றை விரலில் சுற்றினாள். "டிரைவர் அங்கிள் இங்க வந்து ஆடலாம்ல? ரயிலே ஓட்டினவரு, பஸ் ஏறி வர மாட்டாரா?"

என் வாயாலேயே நான் கெட்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன நினைப்பார்கள்? இத்தனை மாதம் இந்த ஆள் நம்மை வைத்துக் கதையடித்திருக்கிறான், சுத்தமான துண்டைத் துவைத்துக்கொண்டு ஒளிந்திருந்திருக்கிறான் என்று நினைப்பார்கள். பரிதாபப்படுவார்கள். பரிதாபத்தை நான் வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று. இந்த ஒரு இடத்தில்தான் என்னைப் பார்த்துப் பரிதாபப்படாமல் சிரித்தார்கள்.

"அதுக்கென்னம்மா, தாராளமா" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல் துரைக்கு நீலச்சட்டை போட்டுவிட்டேன். கை அதுவாகப் போட்டுவிட்டது. நீலச்சட்டை என்றால் ஹால், ஹால் என்றால் ஒட்டகம். அது அவனுக்குத் தெரியும். வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். மதியம் போனது, வெளிச்சமும் போனது. நாற்காலியை நான் மெதுவாகச் சுற்றினேன். இன்னும் மெதுவாகச் சுற்றி, சடாரென்று நிறுத்தி, அவன் மூக்குக்கு நேரே என் முகத்தைக் கொண்டுபோனேன். என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தான்.

அதற்கடுத்த வாரம் வேறு சட்டை போட்டேன். அலமாரியில் நீலச்சட்டை தொங்குவதைப் பார்த்துவிட்டான். ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொண்டான். எனக்குக் கோபம் வந்தது, கரண்டியை மேஜையில் ஓங்கி வைத்தேன். சத்தத்துக்கு அவன் உடம்பு துள்ளியது, பெல்ட் இழுத்துப் பிடித்துக்கொண்டது. நான் யாரிடம் கோபித்துக்கொள்கிறேன்? என் மானத்துக்காக இந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே சிநேகிதனைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். எனக்கு இல்லாத சிநேகிதனைக் காப்பாற்ற, அவனுக்கு இருந்த சிநேகிதனை.

மறு சனிக்கிழமை நீலச்சட்டையைப் போட்டுவிட்டு, அழைக்காமலேயே கிளம்பினேன். வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அப்படி ஒரு ஆளே இல்லம்மா, எனக்கும் யாரும் இல்லம்மா, என் பையனைச் சேத்துக்கோங்க. அவ்வளவுதான். மூன்று துண்டு வாக்கியம்.

ஹாலில் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட, பெரிய வண்ணத்துணியை விளிம்பு பிடித்துத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ரெட்டைப் பையன்கள் அதன் அடியில் பாயில் படுத்திருந்தார்கள். விசில் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"அங்கிள்! எப்படி இருக்கீங்க? டிரைவர் அங்கிள் நல்லா இருக்காங்களா?"

"இறந்துட்டான்மா" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அது என் வாயில் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு வகையில் அதுவும் உண்மைதானே என்று பிறகு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வண்ணத்துணி அப்படியே இறங்கியது. பாஸ்டர் வந்தார், ஒட்டகம் வந்தான். எப்போது, எப்படி என்று கேட்டார்கள். "தூக்கத்துலயே" என்றேன். வேறு சாவு அவனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. "பூனை?" என்று ஒரு பெண் விம்மினாள். "பேக்கரிக்காரர் எடுத்துக்கிட்டாரு" என்றேன்.

எல்லோரும் வட்டமாக நின்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். என் ஒரு கை பாஸ்டரிடம், மறு கை விசிலிடம். பாஸ்டர் கண்ணை மூடிவிட்டுத் திறந்தார். "அவரு பேரு என்னங்க?"

பேர் வைக்கவில்லை. இத்தனை நாளில் எனக்கு அது தோன்றவே இல்லை. "டிரைவர்னே சொல்லுங்க" என்றேன். "அப்படித்தான் கூப்பிடுவேன்."

பாஸ்டர் ஜெபித்தார். இந்தச் சகோதரனுக்குத் துணையாக இருந்தவரை உம்மிடம் எடுத்துக்கொண்டீர், தனிமையில் இவரைக் கைவிடாதேயும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடிப்பு இல்லை. தோள் குலுங்கக் குலுங்க அழுதேன். துரையின் அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட நான் அழவில்லை. அவனுக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று கூட்டத்திலிருந்து ஓடிவந்தவன் நான். அன்று அழ வேண்டியதையும் சேர்த்து அங்கே நின்று அழுதேன். இரண்டு பக்கமும் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விடவே இல்லை.

"துரை இனிமே ஒரு வாரம்கூட நிக்கக் கூடாது" என்றாள் விசில், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ரூல் கிடக்கட்டும். நாங்க பாத்துக்கறோம்." பாஸ்டர் கோட்டைக் கழற்றிவிட்டுத் தொப்பையோடு பாயில் உட்கார்ந்து ரெட்டையரில் ஒருவனை மடியில் சாய்த்துக்கொண்டார். ஒட்டகம் துரையின் நாற்காலியைப் பிடித்தான். மெதுவாக, இன்னும் மெதுவாக, சடார். "ம்ஹா!" வந்த காரியம் முடிந்தது. நான் நாற்காலிப் பையில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.

காரியம் முடிந்ததன் லட்சணம் அடுத்த வாரம்தான் தெரிந்தது. விசில் வாசலில் என் கையைத் தொட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. திரும்ப வந்தபோதும் யாரும் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்கள், சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். இன்றைக்கு யார் ஜெயித்தது என்று எந்த வாயும் கேட்காது. நான்தான் அடைத்துவிட்டேனே. சலவைக்கடைப் பெஞ்சில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் பக்கத்து இடம் காலியாகவே இருக்கிறது. போர்வைகளைப் பார்த்து ஏதாவது சொல்வான் என்று காத்திருக்கிறேன். இறந்தவன் பேசுவதில்லை. அதில் மட்டும் அவன் ஒழுங்கு.

போன சனிக்கிழமை ஒட்டகம் என்னோடு தெருமுனைவரை வந்தான். நாற்காலியை அவனே தள்ளிக்கொண்டு வந்தான், அக்குளில் ஒரு அட்டைப்பெட்டி.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க." பெட்டியை நீட்டினான். செஸ் பலகை. "ஃபோன்ல பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். டிரைவர் அங்கிள் அளவுக்கு வராது. ஆனா நான் ஏமாத்த மாட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எனக்கு வேலை கிடையாது. வீட்டுக்கு வரட்டுமா? துரையோடவும் இருக்கலாம்."

வருஷக்கணக்காக எந்த மனுஷனும் என்னிடம் கேட்காத கேள்வி. வரட்டுமா. அந்தத் தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, வாடா தம்பி, இன்றைக்கே வா என்று கத்தலாம் போலிருந்தது. வந்தால் பலகையை விரிப்பான். விரித்தால் எனக்கு ஒரு காய்கூட வைக்கத் தெரியாது என்பது தெரியும். தெரிந்தால், இவனும் கண்ணை மூடி அழுது ஜெபித்தானே, அது யாருக்காக?

"இப்ப வேணாம் தம்பி" என்றேன். "அவனுக்கப்புறம் அந்தப் பலகையத் தொட மனசு வரல."

அவன் தலையாட்டினான். மரியாதையாக, பெரிய மனுஷத்தனமாகத் தலையாட்டினான். "புரியுது அங்கிள். எப்ப வருதோ அப்ப சொல்லுங்க." பெட்டியை நாற்காலிக்குப் பின்னால் தொங்கும் பையில் வைத்தான். குனிந்து துரையின் மூக்குக்கு நேரே முகத்தைக் காட்டிவிட்டு, நீண்ட கால்களை வீசிப்போட்டு நடந்து போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து துரைக்குச் சாப்பாடு கொடுத்தேன். வாயைத் திறந்து நன்றாகச் சாப்பிட்டான். பிறகு வேலை மேஜையில் திருகாணிகளை ஒதுக்கிப் பலகையை விரித்தேன். சிப்பாய்கள் முன்வரிசை, அது பார்த்தாலே தெரிகிறது. ராஜாவையும் ராணியையும் நடுவில் வைத்தேன். யானையை ஒரு மூலையில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். கடைசியில் குதிரை கையில் மிஞ்சியது.

"இத எங்கடா வெக்கணும்?" என்று கேட்டேன், வாய் விட்டுத்தான் கேட்டேன். துரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்பென்றால் எதிர் நாற்காலியிலிருந்து, "இது தெரியாமலா இத்தனை நாள் எங்கிட்ட தோத்தே?" என்று ஒரு குரல் வந்திருக்கும். பதில் சொல்கிறவனை நானே சாகடித்துவிட்டேன்.